கார்ன் கேப் ஒட்டலாமா? கால் ஆணி, பித்தவெடிப்பு, சேற்றுப்புண், பழனி நடை பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: காரைக்குடியில் இருக்கும் ஆத்தாவுக்கு வயது 64, பத்து வருஷமாகச் சர்க்கரை. குதிகாலில் பித்தவெடிப்பு, சில நாள் ரத்தம் கசிகிறது. வலது காலில் சுண்டுவிரலுக்குக் கீழே ஆணி மாதிரி ஒன்று. விரல் இடுக்கில் அரிப்பு. வீட்டுக்குள் செருப்புப் போடச் சொன்னால் கேட்பதில்லை. கார்ன் கேப் (ஆணி மேல் ஒட்டும் மருந்துப் பிளாஸ்திரி) வாங்கி ஒட்டலாமா? அப்பச்சிக்குச் சர்க்கரை இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலோடு நடக்கிறார், கால் நிறையக் கொப்புளத்தோடு திரும்புகிறார். இருவருக்கும் என்ன செய்யலாம்?

ஆத்தாவுக்குக் கார்ன் கேப் வேண்டாம். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் அந்த இடத்தைப் பாருங்கள். அதே கார்ன் கேப்பை அப்பச்சி தாராளமாக ஒட்டிக்கொள்ளலாம். வித்தியாசம் ஆணியில் இல்லை, காலின் உணர்ச்சியில் இருக்கிறது.

கடையில் விற்கும் கார்ன் கேப்பில் பொதுவாக இருப்பது 40 சதவீத சாலிசிலிக் அமிலம். தடித்த தோலை ஊறவைத்து உரிப்பதுதான் அதன் வேலை. ஆணி எது, பக்கத்துத் தோல் எது என்று அதற்குத் தெரியாது. பிளாஸ்திரி கொஞ்சம் நகர்ந்தால் நல்ல தோலும் வெள்ளையாக ஊறிப் பிய்யும். உணர்ச்சி உள்ளவருக்குச் சுருக்கென்று எரியும், உடனே பிய்த்துப் போட்டுவிடுவார். மரத்துப்போன காலில் எரிச்சல் தெரியாது. நாலு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் ஆணி இருந்த இடத்தில் குழிப்புண் இருக்கும். சுடுதண்ணீர், பிளேடு, சுண்ணாம்பு, எருக்கம்பால் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆகவே வைத்தியத்தை யோசிக்கும் முன் ஆத்தாவின் காலில் உணர்ச்சி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம், கருவி எதுவும் வேண்டாம். இப்ஸ்விச் தொடு பரிசோதனை என்று பெயர். ஆத்தாவைப் படுக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். தொடுவது தெரிந்ததும் வலது, இடது என்று சொல்ல வேண்டும். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவர் கால்விரல் நுனியை ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு நொடி, மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ, தட்டவோ, தடவவோ கூடாது. வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்று ஆறு இடம். தெரியவில்லை என்றால் அந்த விரலை மறுபடி தொடாதீர்கள், தெரியவில்லை என்றே கணக்கு. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையாலும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் இதையே இன்னும் துல்லியமாகப் பார்ப்பார்கள். சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

“எனக்கு மதமதப்பு ஒன்றும் இல்லையே” என்று ஆத்தா சொல்வதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். சிலருக்கு எரிச்சல், ஊசி குத்தல், பஞ்சு மேல் நடப்பது போன்ற உணர்வு வரும். பலருக்கு எதுவுமே தெரியாமல் உணர்ச்சி போய்விடும். வேலூரில் தொழுநோயாளிகளிடையே பணிசெய்த டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டியதும் இதைத்தான். விரல்கள் குறைந்துபோவதற்கு முக்கியக் காரணம் கிருமி சதையைத் தின்பது அல்ல, வலி தெரியாததால் தினமும் படும் காயங்கள். சர்க்கரைக் காலுக்கு இன்று நாம் போடச் சொல்லும் எம்.சி.ஆர் (மைக்ரோ செல்லுலர் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர்) செருப்பும் தொழுநோய் சிகிச்சையிலிருந்து வந்ததுதான். தோலில் வெளிறிய தேமல், அந்த இடத்தில் தொட்டால் தெரியவில்லை என்றால் தொழுநோய்க்கும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

இனி ஆணி. சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு முனையில் பாரம் தொடர்ந்து விழுந்தால் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கும். பரவலாகத் தடித்தால் காய்ப்பு, நடுவில் கூம்பாக உள்நோக்கி இறங்கினால் ஆணி. தரையில் சம்மணம் போட்டே பழகியவர்களுக்கு வெளிக் கணுக்காலில் கறுத்துத் தடித்திருப்பதும் இதே வகைதான். ஆணி என்று நினைப்பது எல்லாம் ஆணியும் அல்ல. நேராக அழுத்தினால் வலித்தால் ஆணி. பக்கவாட்டில் கிள்ளினால் அதிகம் வலித்து, மேல்தோலைச் சீவினால் கறுப்புப் புள்ளிகள் தெரிந்து, தோலின் ரேகை அந்த இடத்தில் அறுந்து நின்றால் அது பாத மரு, வைரஸால் வருவது. எப்போதோ குத்தி உள்ளேயே முறிந்த முள்ளும் ஆணி வேஷம் போடும்.

அப்பச்சி போல உணர்ச்சி நன்றாக உள்ளவர், வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிஷம் ஊறவைத்து, துடைத்து, ஆணியின் அளவுக்கே வெட்டிய கார்ன் கேப்பை ஒட்டிச் சுற்றிலும் வாசலின் தடவிக்கொள்ளலாம். உறையில் போட்ட நாள் கணக்குப்படி எடுத்து, ஊறிய தோலைக் கால் தேய்க்கும் கல்லால் தேய்க்கலாம். ஆனால் பாரம் விழும் காரணம் மாறாத வரை ஆணி திரும்ப வரும். அதனால்தான் ஆபரேஷன் செய்து எடுத்தும் மறுபடி வந்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். செருப்பை மாற்றாமல் ஆணியை மட்டும் எடுப்பது வீண் வேலை.

ஆத்தாவின் ஆணியை மருத்துவர்தான் சீவ வேண்டும். அதுவரை இரண்டு விஷயம் கவனியுங்கள். தடித்த தோலுக்கு அடியில் கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு பொட்டுத் தெரிகிறதா? தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, காய்ப்புக்கு அடியில் புண் உருவாகிக்கொண்டிருக்கலாம். மேலே காய்ந்து கெட்டியாக இருக்கும், உள்ளே சீழ் ஓடும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவது, அந்த இடத்தைச் சுற்றிச் சூடாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டு, மற்றக் காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பித்தவெடிப்புக்கும் பித்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது, வியர்வைச் சுரப்பிகள் மட்டும்தான். வெறுங்காலிலோ பின்பக்கம் திறந்த செருப்பிலோ நடக்கும்போது குதிகால் கொழுப்பு பக்கவாட்டில் பிதுங்கும். ஓரத்தோல் காய்ந்து தடித்திருந்தால் விரிந்து கொடுக்காமல் பிளந்துவிடும். சர்க்கரையில் நரம்பு பாதித்தால் வியர்வையும் குறைவதால் ஆத்தாவுக்கு இது இரட்டை வறட்சி. வெடிப்பு தானே என்று விடவும் முடியாது, கிருமி உள்ளே போக அதுதான் வாசல்.

ரத்தம் கசியும் வெடிப்பில் முதலில் யூரியா களிம்பு வேண்டாம், எரியும். நாலைந்து நாள் வாசலின் தடவிச் சுத்தமான காஸ் துணியால் கட்டி, விரிசல் மூடிய பிறகு 10 முதல் 25 சதவீத யூரியா களிம்பைத் தொடங்குங்கள். காலை ஒரு முறை, இரவு ஒரு முறை. கழுவித் துடைத்த உடனே, தோலில் ஈரம் இருக்கும்போதே தடவினால்தான் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரவில் மேலே பருத்திக் காலுறை. இரண்டு வாரத்தில் புடவைக் கரை குதிகாலில் சிக்குவது நிற்கும். நின்றதும் களிம்பை நிறுத்தினால் அடுத்த மாதமே பழைய நிலை. ஆறியபின் நாளுக்கு ஒரு முறையாவது தொடர வேண்டும். விரல் இடுக்கில் மட்டும் இதைத் தடவாதீர்கள்.

மெழுகை உருக்கித் தேங்காய் எண்ணெயில் கலந்து போடும் பழைய கைவைத்தியம் மோசமில்லை, ஈரம் போகாமல் மூடி வைக்கும். ஆறவிட்டுப் போட வேண்டும் என்பது மட்டும் முக்கியம். ஆத்தாவின் காலை ஊறவைப்பது, கல்லால் அழுத்தித் தேய்ப்பது இரண்டும் வேண்டாம். கழுவும் தண்ணீரின் சூட்டை அவர் காலால் பார்க்கக் கூடாது, நீங்கள் முழங்கையால் பாருங்கள். ஒரு காலில் மட்டும் மாவு பூத்த மாதிரி செதிலும் வெடிப்பும் இருந்தால் அது வறட்சியாக இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம். அப்போது எவ்வளவு யூரியா தடவினாலும் முழுதாக ஆறாது.

விரல் இடுக்கு அரிப்பு அநேகமாகச் சேற்றுப்புண், பூஞ்சையால் வருவது. நாலாம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் தொடங்கும், அங்கேதான் காற்றுப் புகாது. குளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பு காலை, இரவு என்று 4 வாரம், அல்லது டெர்பினாஃபின் 1 சதவீதக் களிம்பு 1 முதல் 2 வாரம். அரிப்பு நாலு நாளில் நிற்கும். அங்கேதான் எல்லாரும் தவறுகிறார்கள். கண்ணுக்குச் சரியான பிறகும் சொன்ன நாள் வரை தடவ வேண்டும்.

மருந்துக் கடையில் “அரிப்புக்கு ஒரு களிம்பு” என்று கேட்டால் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்த ஒன்று கைக்கு வந்துவிடும். உறையைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கும், அடியில் பூஞ்சை படர்ந்துகொண்டிருக்கும். பிறகு எந்த மருந்துக்கும் எளிதில் மசியாது. இன்று தோல் மருத்துவர்களுக்குப் பெரிய தலைவலி இந்தக் களிம்புகள்தான். மஞ்சள் அரைத்து இடுக்கில் அப்புவதும் வேண்டாம், ஈரத்தைத் தேக்கி வைக்கும். பழைய வேட்டித் துணியைச் சின்னதாகக் கிழித்து வைத்துக்கொண்டு, கால் கழுவும் ஒவ்வொரு தடவையும் இடுக்கு இடுக்காக ஒற்றியெடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

நகம் பற்றிச் சுருக்கமாக: நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். மெட்டி இறுகியிருந்தால் அடியில் தோல் அறுந்திருக்கும், வெளியே தெரியாது. கழற்ற மனம் ஒப்பாவிட்டால் சோப்புத் தண்ணீர் விட்டு நகர்த்தி வாரம் ஒரு முறை அடியில் பாருங்கள், தட்டாரிடம் கொடுத்துத் தளர்த்தியும் வாங்கலாம்.

வீட்டுக்குள் செருப்புப் போட ஆத்தா மறுப்பது பிடிவாதம் அல்ல. ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில், சாமி வீட்டுப் பக்கம், தெருவில் போட்ட செருப்போடு யாரும் நடக்க மாட்டார்கள். அதனால் வாசல்படி தாண்டாத ஒரு ஜோடியைத் தனியாக வாங்குங்கள். புதிதாக, அவர் கண்முன் உறை பிரித்துக் கொடுத்தால் சம்மதிப்பார். எம்.சி.ஆர் அடிப்பாகம், பின்வார், அகலமான முன்வார் இருக்க வேண்டும். கட்டைவிரல் இடுக்கில் வார் நுழையும் ஹவாய் வகை மரத்த காலுக்கு ஆகாது, வார் அறுத்தே புண்ணாகும், செருப்பு நழுவினாலும் தெரியாது. எம்.சி.ஆர் என்று சொல்லி வேறு ரப்பரைத் தலையில் கட்டுவதும் உண்டு. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். காகிதத்தில் ஆத்தாவின் பாதத்தை நிற்க வைத்து வரைந்து, அதைச் செருப்பு மேல் வைத்துப் பாருங்கள். கோடு எங்கும் வெளியே வரக் கூடாது, நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். சாயங்காலம் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கி உண்மையான அளவில் இருக்கும். வெறும் காலுறையோடு ஆத்தங்குடிக் கல்லில் நடக்க விடாதீர்கள். கண்ணாடி மேல் வார்த்த கல் அது, எண்ணெய் போட்டுத் துடைத்த தரையில் வழுக்கும். பழைய வீடுகளின் உயரமான நிலைப்படியில் விரல் இடிப்பதும் சாதாரணம், இரவில் அங்கே ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

வெளிச் செருப்பில் நம் ஊருக்கே உரிய ஆபத்து சீமைக் கருவேல முள். ரப்பர் அடிப்பாகத்தில் குத்தி நடுவிலேயே நின்றுவிடும். மேலே கையை ஓட்டிப் பார்த்தால் வழவழப்பாகத்தான் இருக்கும். கால் பாரம் விழுந்து ரப்பர் அமுங்கும்போது மட்டும் நுனி வெளியே வந்து குத்தும், காலை எடுத்ததும் உள்ளே போய்விடும். அதனால் தடவிப் பார்த்தால் போதாது. போடும் முன் செருப்பைத் திருப்பி அடிப்பக்கத்தில் முள்ளின் தலை தெரிகிறதா என்று பாருங்கள், சந்தேகம் இருந்தால் செருப்பை வளைத்துப் பாருங்கள்.

முள் தைத்தால் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த இடுக்கியால் அது நுழைந்த கோணத்திலேயே இழுக்க வேண்டும். முறிந்து உள்ளே நின்றால் ஊக்கால் தோண்டாதீர்கள், எருக்கம்பாலும் விடாதீர்கள். முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ரா சவுண்டில்தான் தெரியும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டாலும் வீக்கம் தொடர்ந்தால் ஸ்கேன் கேட்டு வாங்குங்கள். ஆழமான, மண் பட்ட காயம் என்றால் கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருஷம் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும்.

கோயில் பிரகாரக் கல்லும் கத்திரி வெயிலும் மரத்த காலும் சேர்ந்தால் கொப்புளம் நிச்சயம், வீடு திரும்பும் வரை ஆத்தாவுக்குத் தெரியாது. குன்றக்குடியோ பிள்ளையார்பட்டியோ, வெயில் ஏறும் முன்பே போய் வந்துவிடுங்கள்.

இரவு படுக்கும் முன் ஆத்தாவின் உள்ளங்காலை நீங்களோ வீட்டில் இருப்பவரோ பார்க்க வேண்டும். ஆள் இல்லாத நாளில் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அவரே பார்க்கலாம். புண், கொப்புளம், கறுப்பு, துர்நாற்றம், மேலேறும் சிவப்பு, காய்ச்சல் எதுவாக இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். வலியே இல்லாமல் ஒரு பாதம் சிவந்து சூடாகி வீங்கினால் சுளுக்கு என்று நீவி விடாதீர்கள். அது மரத்த காலின் எலும்புகளும் மூட்டுகளும் நொறுங்கும் சார்கோட் பாதமாக இருக்கலாம், அன்றே நடையை நிறுத்த வேண்டும். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது, பாதம் சில்லென்று இருக்கிறது என்றால் ரத்த ஓட்டக் குறைவு. காரைக்குடி அரசு மருத்துவமனையில் தொடங்கலாம், தேவைப்பட்டால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். அதுவரை புண்ணைக் கழுவ, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி போதும். டிஞ்சர், பொடி எதுவும் வேண்டாம். எந்த மருந்தைவிடவும் அந்தக் காலில் பாரம் போடாமல் இருப்பதுதான் புண்ணை ஆற்றும்.

அப்பச்சிக்கு வருவோம். சர்க்கரை இல்லை என்று எப்போது பார்த்தது? இரண்டு வருஷத்துக்கு முன் என்றால் நடைக்கு முன் மறுபடி பார்த்துவிடுங்கள், அதே தொடு பரிசோதனையையும் செய்துவிடுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்கால் நடை கூடாது.

சரியாக இருந்தால் மார்கழிக்கு முன்பே பழக்கம் தொடங்க வேண்டும். தினம் 2 கிலோமீட்டர் மண் தரையில் வெறுங்காலோடு நடந்து, வாராவாரம் கூட்டி, கடைசி வாரங்களில் தார் ரோட்டில் சேர்க்கலாம். உள்ளங்காலில் ஏறும் காய்ப்பை முழுக்கத் தேய்த்து எடுக்காதீர்கள், அது தேவை. ஓரத்தில் மேடாக நிற்பதை மட்டும் சமப்படுத்துங்கள். தடித்த காய்ப்புக்கு அடியில் வரும் கொப்புளம்தான் மிக வலிக்கும், குத்தவும் முடியாது. குதிகால் ஓரம், கட்டைவிரல் பக்கம், விரல்களுக்குக் கீழுள்ள மேடு ஆகிய இடங்களில் காய்ந்த தோலில் பருத்தி பிளாஸ்திரி ஒட்டி, ஒவ்வொரு தங்கலிலும் மாற்ற வேண்டும். வெறுங்காலில் அது சீக்கிரம் தேயும், ஆனாலும் உராய்வு தோலில் விழாமல் அது வாங்கிக்கொள்ளும். வெயில் ஏறியபின் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டில் கால் வைத்தால் தாரைவிடச் சூடு குறைவு. இருட்டில் நடப்பவர்கள் ஒளி பிரதிபலிக்கும் பட்டையை முதுகில் கட்டிக்கொள்வது கொப்புளத்தைவிட முக்கியமான விஷயம்.

சின்னக் கொப்புளத்தை அப்படியே விடுங்கள். பெரிதாகி, மிதிக்க முடியாமல் இறுகினால் கழுவித் துடைத்து, புது இஞ்செக்‌ஷன் ஊசியால் கீழோரத்தில் இரண்டு இடத்தில் குத்தி, நீரை மெல்ல அழுத்தி எடுத்துவிடலாம். மேல்தோலைப் பிய்க்கக் கூடாது, அதற்கு மேல் நல்ல கட்டு கிடையாது. வாசலின் தடவிக் காஸ் வைத்துக் கட்டினால் போதும். ஊசியில் நூல் கோத்து அதைக் கொப்புளத்துக்குள்ளேயே விட்டுவைக்கும் பழக்கம் நடைப் பந்தல்களில் இன்னும் இருக்கிறது. நீர் வடியும் என்பது சரி, சாலைப் புழுதியும் அதே நூல் வழியாக உள்ளே போகும். ரத்தம் கோத்த கொப்புளத்தைத் தொடவே வேண்டாம்.

ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்தும் பாதத்தின் மேல்பக்கம் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறது, நடந்தால் கூடுகிறது என்றால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். முதல் இரண்டு வாரம் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது வழக்கம். வலி நிற்காவிட்டால் மூன்றாவது வாரம் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், அதுவரை கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ போட்டு நடையைக் குறைத்துக்கொள்ளட்டும்.